சத்தம் போடாத சக்கரம்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

என்னைத் திருப்பி அனுப்பிவிடச் சொல்லி, எனக்குத் தெரியாமல், நான் தொண்டு வேலைக்கு வந்திருக்கிற இந்த அமைப்புக்கு நீ கடிதம் எழுதியிருக்கிறாய். அது தப்பு. நலம் விசாரிப்பது, வீட்டு விசேஷம் கேட்பது எல்லாம் அப்புறம். முதலில் இதைச் சொல்லாவிட்டால் பேனா மேற்கொண்டு நகராது. உனக்கு எட்டு வயது இருக்கும்போது, நான் வெளியூர் கிளம்பக் கூடாது என்று என் சைக்கிளில் இரண்டு சக்கரத்துக் காற்றையும் பிடுங்கிவிட்டாய். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே பம்பை எடுத்தேன். நாற்பத்தொரு வயதில் அதையே ஆபீஸ் மூலமாகச் செய்தால் சிரிப்பு வராது.

செவ்வாய்க்கிழமை பட்டறையில் ஒரு ரிம்முக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் பெண் வந்து கூப்பிட்டாள். தொண்டர்களைக் கவனித்துக்கொள்கிற பொறுப்பு அவளுடையது; நல்ல பெண். கை கழுவிவிட்டு வாருங்கள் என்றாள். அப்போதே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. இரண்டு மாதமாக இதே கையோடுதான் அவளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். நம் பக்கத்துக் கிளையில் நீ கொடுத்த கடிதத்தின் நகலை நீட்டினாள். உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டேதான் படித்தேன்.

மாப்பிள்ளை டைப் அடித்திருக்கிறார் என்பது பார்த்ததும் தெரிந்தது. ஒரு காற்புள்ளி தப்பவில்லை. "மேற்படியார் எனது தந்தை ஆவார்" என்று ஆரம்பம். உன்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்து ஆறு வருஷம் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன், கடைசியில் மேற்படியார் ஆகிவிட்டேன்.

அறுபது தாண்டியவர்களுக்கு வீட்டார் சம்மதக் கடிதம் வேண்டும் என்பது இவர்கள் சட்டம். நீ என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டாய். இப்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். மாதக் கடைசிக்குள் புதிதாக ஒரு சம்மதம் வராவிட்டால் டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவோம், எங்களுக்கும் வேறு வழியில்லை என்று அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். பாதிக் கோட்டத்தோடு ரிம் தொங்கிக்கொண்டிருந்தது. போய் அதை முடித்தேன்.

உன் கடிதத்தில் மூன்று குற்றச்சாட்டு. எனக்கு அறுபத்தேழு வயது, அது உண்மை. சொன்னால் கேட்க மாட்டேன். அதுவும் உண்மை, ஆனால் எந்த டாக்டரும் அதற்கு மருந்து எழுதிப் பார்த்ததில்லை. மூன்றாவது, போன வருஷம் என் சைக்கிள் கடைக்குள் மயங்கி விழுந்து, பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. அதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், நீ யாரை எங்கேயிருந்து பிடுங்கிப்போகப் பார்க்கிறாய் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நான் தங்கியிருப்பது ஒரு தையல்காரியின் வீடு. அவள், பஸ் ஓட்டுகிற அவள் புருஷன், அவளுடைய அப்பா, மூன்று பேர். தெருவிலிருந்து ஒரு படி ஏறினால் முன்னறை. அதையொட்டித் தையல் மெஷின் போட்ட அறை. பின்னால் சமையல், அதற்கும் பின்னால் ஒரு சரிவு இறங்கி, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போகிற சந்து. நான் வந்த அன்றைக்கு மூன்று பேரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். எனக்கு ஒதுக்கிய அறையில் புதுப் போர்வை, கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. அவர்கள் பாஷை எனக்கு அரைகுறைதான். அதனால் அவர்கள் பேசுவதை எல்லாம் நம் பேச்சிலேயே எழுதுகிறேன். தையல்காரி என்னைக் கூப்பிடுகிற வார்த்தைக்கு அண்ணன் என்று அர்த்தம்.

முதல் வாரம் ஜெயில்தான். நான் எழுந்தால் அவர்களும் எழுந்தார்கள். சாப்பிட்டு முடிக்கும் முன்பே தட்டு கையைவிட்டுப் போய்விடும். வீட்டில் துடைப்பம் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் துடைப்பம் இருக்கிற இடம் தெரியாத வரைக்கும் நாம் விருந்தாளிதான். எட்டாம் நாள் வீட்டில் யாருமில்லாத நேரம் பார்த்து, சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். அன்று சாப்பிட்டதும் தையல்காரி தட்டை எடுக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "குழாய்தான் இப்ப சொட்டலியே. உங்க தட்ட நீங்களே கழுவுங்கண்ணே." அந்தத் தட்டைக் கழுவும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை உன் அம்மாவிடம் சொல்லாதே. வீட்டிலும் கழுவச் சொல்வாள்.

தையல்காரியின் அப்பா கொத்தனார். மூன்று வருஷத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு காலும் போய்விட்டது. சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். அதன் பக்கத்தில் தொங்குகிற பையில் பழைய ரசமட்டம் ஒன்று எப்போதும் இருக்கும். என் அறையில் நானே ஒரு பலகைத் தட்டு அடித்தேன். மறுநாள் பெரியவர் வண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார், ரசமட்டத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தார். குமிழி ஒரு நெல்லளவு இடது பக்கம் போய் நின்றது. என்னைப் பார்த்தார். குமிழியைப் பார்த்தார். போய்விட்டார். ஒரு வார்த்தை இல்லாமல் இப்படித் திட்ட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். பலகையைக் கழற்றி மறுபடி அடித்தேன்.

பட்டறையைப் பற்றிச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. தூர தேசங்களிலிருந்து தானமாக வந்த சக்கர நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். பாதிக்குமேல் ஓடாது. ஓடுகிறதிலும், வருகிற ஆளுக்கு மேலே எது இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பொறுப்பாளர் நல்ல மனுஷர், ரொம்ப உயரம். நான் அவரை உயரக்காரர் என்றுதான் மனசுக்குள் கூப்பிடுகிறேன். முதல் வாரமே அவரிடம் சண்டை. செருப்புக்கூடக் காலை அளந்துதானே வாங்குகிறோம், நாள் முழுக்க உட்காருகிற வண்டியை ஆளை அளக்காமல் எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன். இலவசமாகக் கொடுப்பதற்கு அளவு எதற்கு என்றார். இலவசம் என்றால் இடுப்பு சுருங்கிக்கொள்ளுமா என்று கேட்டேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு பள்ளிக்கூடத்துக் கிளார்க் அம்மாள் வந்தாள். கொடுத்த வண்டி அகலம் அதிகம். சக்கரத்தை எட்டித் தள்ளித் தள்ளித் தோள்பட்டை வீங்கிவிட்டது, வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று அழாத குறை. அவளைப் பலகையில் உட்கார வைத்து, டேப் பிடித்து, இடுப்பு, தொடை, முழங்கால் மூன்றும் அளந்தேன். வண்டியின் குறுக்குக் குழாய்கள் இரண்டிலும் இரண்டு அங்குலம் அறுத்து, மறுபடி பற்ற வைத்து, சீட்டைச் சுருக்கித் தைத்தோம். அன்று சாயங்காலம் அவள் உட்கார்ந்தபோது கை தானாகப் போய்ச் சக்கரத்தின்மேல் விழுந்தது. முற்றத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். நீங்கள் எங்கே படித்தவர் என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்னால் உயரக்காரர் பதில் சொன்னார்: "எட்டாவது. மீதி சைக்கிள்." என் விண்ணப்பத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் நான் எழுதியது அது. நீதான் அடித்துவிட்டு ஒழுங்காக எழுதச் சொன்னாய். நான் அடிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் முப்பத்துநாலு வண்டி வெளியே போயிருக்கிறது. ஒன்றும் திரும்பி வரவில்லை. ஆளை அளக்காமல் வண்டி கிடையாது என்று உயரக்காரர் தன் கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அதை எழுத வைத்த ஆளைத்தான் நீ மேற்படியார் என்கிறாய்.

இனி நான் செய்த தப்பு. யாரும் சொல்லி உனக்குத் தெரியப் போவதில்லை. நானே சொல்கிறேன்.

பெரியவர் வண்டியில் முன்பக்கத்துச் சின்னச் சக்கரம் ஒன்று கீச்சிடும். ஒரு சுற்றுக்கு இரண்டு கீச்சு. சைக்கிள்காரன் காதில் அது சோற்றில் கல் மாதிரி. வந்த இரண்டாம் நாளே தையல்காரியிடம் ஐந்து நிமிஷ வேலை, பார்த்துவிடட்டுமா என்று கேட்டேன். "அத விடுங்கண்ணே" என்றாள். விருந்தாளிக்கு வேலை வைக்கக் கூடாது என்று சொல்கிறாள் என நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. ஆளை அளக்காமல் வண்டி கிடையாது என்று ஊருக்குச் சட்டம் போட்டவன், நான் தூங்கி எழுகிற வீட்டில் அளக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். சக்கரத்தைக் காட்டிப் பெரியவரிடம் சைகையால் கேட்டேன். அவர் தலையாட்டிய வேகத்தில் எனக்கே ஆச்சரியம். கட்டிலுக்கு மாற்றிவிட்டு வண்டியை முழுசாக ஓவராயில் பண்ணினேன். துருப்பிடித்த பால்ரஸ்களைக் கொட்டிவிட்டுப் புதுசு போட்டேன், கிரீஸ் வைத்தேன், பெரிய சக்கரங்களுக்கும் கோட்டம் எடுத்தேன். ஒரு விரலால் தட்டினால் அறையின் மறுகோடிக்குப் போய் நின்றது. துளிச் சத்தம் இல்லை. அன்று ராத்திரி யாராவது பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன். தையல்காரிக்குப் பள்ளிச் சீருடை ஆர்டர் தலைக்குமேல் இருந்தது, அவள் கவனிக்கவேயில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணி. நான் பட்டறையில். அவள் மெஷினில். பெரியவர் பின்கதவு வழியாகச் சரிவில் இறங்கிச் சந்துக்குப் போயிருக்கிறார். தொட்டிப் பக்கம் திரும்பும்போது சக்கரம் சரிவின் விளிம்பைத் தாண்டி, வண்டி கவிழ்ந்துவிட்டது. கூப்பிட்டாலும் மெஷின் சத்தத்தில் கேட்காது. சத்தமே இல்லையே, தூங்குகிறார் என்று அவள் தைத்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து, முதல் ஷிப்டு முடித்துச் சந்து வழியாக வந்த புருஷன் பார்த்துத் தூக்கினான்.

ஆள் அனுப்பினார்கள். ஓடினேன். முழங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். டிரைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தையல்காரி மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், கால் மிதிமேல் இருந்தது, மிதிக்கவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சொன்னாள்: "வண்டி அருமையா ஓடுதுண்ணே. எனக்குத்தான் காது போயிடுச்சு."

அப்புறம் சொன்னாள். ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவில் அந்தக் கீச்சைக் கேட்டுக்கொண்டுதான் மூன்று வருஷமாகத் தைக்கிறாளாம். இரண்டு கீச்சு, ஒரு நிறுத்தம் என்றால் நிலைப்படி தாண்டுகிறார். இழுத்த மாதிரி ஒரே கீச்சு என்றால் பின்கதவுப் பக்கம் திரும்புகிறார்; அப்போது எழுந்து போவாள். நான் பழுது என்று நினைத்துக் கழற்றிப் போட்டது அவள் வைத்திருந்த மணி.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், வார்த்தை இல்லை. அவர்கள் பாஷையில் போல்ட்டுக்கு, உப்புக்கு, நாளைக்கு எல்லாவற்றுக்கும் வார்த்தை படித்து வைத்திருந்தேன். இதற்குப் படிக்கவில்லை, தேவைப்படும் என்று நினைக்கவில்லை. டிரைவரைத்தான் கேட்டேன். அவன் சொல்லிக் கொடுத்தான். அதைத் தையல்காரியிடம் சொன்னேன், பெரியவரிடம் சொன்னேன், அவனிடமும் சொன்னேன். அதற்கப்புறம்தான் அவன் என் முகத்தைப் பார்த்தான்.

கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுப் பழைய பால்ரஸையே போட்டு, கீச்சைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறேன் என்றேன். பெரியவர் கட்டில் சட்டத்தை ரசமட்டத்தால் ஓங்கித் தட்டினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"போடாத. மூணு வருஷமா நான் எங்க இருக்கேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுக்கிட்டே இருக்கு. இன்னிக்கு ஒரு நாள்தான் தெரியல. விழுந்தேன், சரி. அதுவரைக்கும் நல்லா இருந்துச்சு."

தையல்காரி சொன்னாள்: "உங்களுக்கு நல்லா இருந்துச்சுப்பா. எனக்கு?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், கோக்க வரவில்லை. பாப்பா, இரண்டு பேரும் சொன்னது சரி. நான் நடுவில் நின்றேன்.

உன் மூன்றாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலை பார்த்தேன், மயங்கி விழுந்தேன். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டீக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிப் பார்த்திருக்காவிட்டால் அதுவும் தெரிந்திருக்காது. தெரியாதது ஒன்று இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் எனக்கு நினைவே இல்லை. அடுத்த ஒரு மணி நேரம் நினைவு இருந்தது. தெருவில் ஆட்கள் போகிற சத்தம், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் எல்லாம் கேட்டது. குரலும் வந்தது. நான் கூப்பிடவில்லை. என்னைத் தரையில் யாரும் பார்க்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்துவிட்டு, இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்று நீ கடை வாசலில் வந்து நிற்பாய். அந்தப் பக்கம் உனக்கு ஒரு வேலையும் கிடையாது. எனக்கு எரிச்சலாக வந்தது. மூன்றாம் மாதம் இந்த அமைப்பின் விண்ணப்பத்தை வாங்கினேன். நாற்பத்தைந்து வருஷத்துக் கைவேலை நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று உன்னிடம் சொன்னது பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை.

கீச்சுக்கு வருகிறேன். மூன்று நாள் யோசித்தேன். சைக்கிள் சக்கரத்தில் அட்டை செருகிக்கொண்டு படபடவென்று நீ தெருவெல்லாம் ஓட்டுவாயே, அது ஞாபகம் வந்தது. பழைய பிரேக் பிடி ஒன்றை எடுத்துப் பெரியவர் கைக்கு எட்டுகிற இடத்தில் பொருத்தினேன். பிடியைக் கீழே தள்ளினால் ஒரு துண்டு சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளில் உரசிச் சத்தம் போடும். மேலே தூக்கினால் சத்தம் இல்லை. தகரத் துண்டு வைத்தேன். சரக்கு ரயில் போகிற மாதிரி இருக்கிறது என்று தையல்காரி காதைப் பொத்தினாள். தோல் வைத்தேன், மெஷின் ஓடும்போது கேட்கவில்லை. கடைசியில் பெயின்ட் டப்பாவின் பிளாஸ்டிக் மூடியில் வெட்டிய துண்டு சரியாக வந்தது. அவள் மெஷினை மிதித்துக்கொண்டிருக்க, நான் சந்தில் வெற்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கேட்கிற வரைக்கும் கையைத் தூக்கு என்றேன். தொட்டி வரைக்கும் கை இறங்கவில்லையாம்.

ஒப்பந்தம் பேசியதுதான் பெரிய பாடு. வீட்டுக்குள் சத்தம் கிடையாது என்றார் பெரியவர். பின்கதவு தாண்டினால் அவரே பிடியைத் தள்ளுவாராம், வேறு யாரும் அதைத் தொடக் கூடாதாம். சத்தம் கேட்டால் மகள் ஓடி வரக் கூடாதாம். சத்தம் நின்றால் என்றாள் அவள். நின்றால் கொஞ்ச நேரம் பொறு என்றார். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று மகள் கேட்டாள். ஒரு பட்டன் தைக்கிற நேரம் என்று அவளே சொன்னாள். ஒரு காலர் என்றார் இவர். "காலர் தைக்கறதுக்குள்ள நீங்க பக்கத்து ஊருக்கே போயிடுவீங்க" என்றாள். கடைசியில் ஒரு சட்டைக் கை தைக்கிற நேரம் என்று முடிவானது. டிரைவர் சாட்சி.

சரிவின் விளிம்பில் சக்கரம் இறங்காதபடி கை உயரத்துக்குக் கல் வைத்து ஒரு தடுப்பும் கட்டினேன். பெரியவர் நாற்காலியில் இருந்தபடி ஒவ்வொரு கல்லுக்கும் விரலை நீட்டினார். நான் சாந்து குழைத்து வைத்தேன். மூன்று கல்லைப் பிடுங்கச் சொல்லி மறுபடி வைக்க வைத்தார். முடிந்ததும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. "பரவால்ல" என்றார். பாப்பா, உன் டிகிரிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவன் நான். இதைச் சட்டம் போட முடிந்தால் அதன் பக்கத்தில் மாட்டுவேன்.

இப்போது தினமும் பத்து மணிக்குப் படபடவென்று சத்தம் சந்தில் இறங்கித் தொட்டி வரைக்கும் போகும். நின்றுவிடும். அவர் அங்கே என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது, நானும் கேட்கவில்லை. சட்டைக் கை முடிகிற நேரத்துக்குப் படபட திரும்பி வரும். மெஷின் நிற்காது. என் விடுமுறை நாளில் அறையில் உட்கார்ந்து இரண்டு சத்தத்தையும் கேட்டேன்.

இது நடந்து மூன்று வாரம் கழித்துத்தான் உன் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனதும் தையல்காரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டாள்: "இங்க வந்து எத்தன தடவ அண்ணே வீட்டுக்கு போன் பண்ணீங்க?" நாலு தடவை என்றேன். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "அந்தப் பொண்ணு காதுல ஒண்ணுமே விழலியே. அது என்ன பண்ணும்?"

இங்கே சிக்னல் கிடைப்பதில்லை என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். தெருமுனை வரைக்கும் போனால் நன்றாகவே கிடைக்கிறது.

இருந்தாலும் நீ செய்தது தப்புதான். கோபம் இருந்தால் என்னிடம் காட்டியிருக்க வேண்டும், ஆபீசில் காட்டியிருக்கக் கூடாது. நான் இங்கே பத்து மாதத்துக்கு வந்தவன். இன்னும் அடுக்கில் நூற்றுப்பத்து நாற்காலி இருக்கிறது. பாதியில் வர மாட்டேன். ஆகவே யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

நீ: இந்தக் கடிதம் வந்துசேரப் பத்து நாள் ஆகும், மாதம் முடிய அதற்கப்புறமும் இரண்டு வாரம் இருக்கும். அதற்குள் புதிதாகச் சம்மதக் கடிதம் எழுதிக் கிளை ஆபீசில் கொடு. டைப் அடிக்காதே, உன் கையால் எழுது. மேற்படியார் வேண்டாம். மயங்கி விழுந்ததையும் அதில் எழுது. நான் விண்ணப்பத்தில் அதை எழுதாமல் விட்டேன். அது என் தப்பு, அதை நானும் செவ்வாய்க்கிழமையே ஆபீஸ் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்து வேண்டாம் என்று சொன்னால், அவர் சொன்னதற்கு வருவேன். நீ எழுதியதற்கு வர மாட்டேன்.

மாப்பிள்ளை: நல்ல கை அவருடையது, ஒன்றும் கோபமில்லை. ஆனால் அடுத்த முறை என்னைப் பற்றி எதை அடித்தாலும் எனக்கு ஒரு நகல் வைத்துவிட்டு அடிக்கச் சொல். வாரம் ஒருமுறை கடை ஷட்டரை ஏற்றி இறக்கி வைக்கட்டும். எண்ணெய் போட வேண்டாம். கிறீச்சென்றே இருக்கட்டும்.

உன் அம்மா: "போங்க, ஒரு பத்து மாசம் ஸ்பேனர் சத்தம் இல்லாம நிம்மதியா இருக்கேன்" என்று வாசலில் நின்று சொன்னாள். அது நிஜமா என்று கேட்டு எழுது. நிஜமில்லை என்றால் அவள் கையால் ஒரு வரி எழுதட்டும். "வாங்க" என்று எழுதினால் அதற்கு மட்டும் என்ன செய்வது என்று யோசிப்பேன்.

தையல்காரி: காலையில் நான் சாப்பிட்டு மாத்திரை போடுகிற வரைக்கும் வாசலை மறித்துக்கொண்டு நிற்பதாக ஏற்றுக்கொண்டிருக்கிறாள். நிற்கவும் செய்கிறாள். உன் நம்பரை ஒரு சீட்டில் எழுதித் தையல் மெஷின்மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். அவள் நம்பர் இந்தக் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது.

நான்: தினமும் உங்கள் நேரம் சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருமுனையில் நின்று உனக்கு மிஸ்டு கால் கொடுப்பேன். இரண்டு ரிங். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். வரவில்லை என்றால் பதறாதே. ஒரு சட்டைக் கை தைக்கிற நேரம் பொறு. ஏழரை என்று வைத்துக்கொள். அப்போதும் வராவிட்டால் தையல்காரிக்குப் போன் போடு. விழுந்து கிடந்தால் இந்தத் தடவை கூப்பிடுவேன். இது எழுத்தில் கொடுப்பது.

புதன்கிழமையிலிருந்தே ஆரம்பித்துவிட்டேன், கவனித்திருப்பாய். நீ திருப்பிக் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்காமல் கட் பண்ணியதும் நான்தான். கோபத்தில் இருந்தேன். இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கிற அன்றைக்கும் ஏழு மணிக்கு அடிப்பேன். நன்றாயிரு. வேலை இருந்தால் எடுக்க வேண்டாம். எடுத்தால் கட் பண்ண மாட்டேன்.

இப்படிக்கு,
மேற்படியார்,
உன் அப்பா.